கோவிற் புத்தகங்களும் அவற்றின் திறவுகோலும்

ஆடி அமாவாசை நாளிலே கீரிமலைக் கடற்கரையில் மக்கள் வெள்ளம் திரளும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், உவர்க்கடலின் ஓரத்திலேயே, நன்னீர் சுரக்கும் ஊற்று ஒன்று அங்கே உண்டு. ஊற்று நீரைக் கேணியிலே தேக்கி, ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் தனித்தனியே நீராடும் இடம் வகுத்திருக்கிறார்கள். தந்தையை இழந்தோர் அன்று அங்கு நீராடி, எள்ளும் நீரும் இறைத்து, தந்தை, பாட்டன், பூட்டன் என்னும் மூவரின் பெயரையும் சொல்லிப் பிதிர்க்கடன் செலுத்துவர். பெயர்கள் வாயால் சொல்லப்படும், நீரோடு போகும், அடுத்த ஆண்டு மீண்டும் சொல்லப்படும். எழுதி வைத்த ஏடு அதற்கு வேண்டுவதில்லை. மகனின் நினைவே ஏடு.

கீரிமலையிலிருந்து தென்மேற்கே சிறிது தூரம் சென்றால் இளவாலை, பண்டத்தரிப்பு, சில்லாலை, மாதகல் என்னும் ஊர்கள் வரும். இவ்வூர்களிலே கத்தோலிக்கர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அவர்களும் தம் முன்னோரின் பெயர்களைப் போற்றுகின்றவர்களே. ஆயின், அங்கே பெயர்கள் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. குழந்தை ஞானஸ்நானம் பெற்ற நாள், அதன் தாய் தந்தையர், ஞானத்தாய் ஞானத்தந்தையர், விவாகம் நடந்த நாள், சாட்சிகள், இறந்த நாள், அடக்கம் செய்யப்பட்ட இடம் ஆகிய யாவும் கோவிற் புத்தகங்களிலே வரிசையாக இடம்பெறும். இவற்றைப் பற்றிய கடிதங்களும், வழக்குகளும், விசேட அனுமதிகளும் யாழ்ப்பாண நகரிலுள்ள ஆயர் இல்லத்துக்குச் செல்லும். அவ்வாறு சேர்ந்த ஏடுகளின் தொகுதியே மேற்றிராசனச் சுவடிக்கூடம்.

வாயாற் சொல்லும் பெயரைச் சொல்பவன் மகன், கேட்பவர் அருகிலிருப்போர். எழுதிய பெயரையோ எவரும், எக்காலத்தும் வாசிக்கலாம். ஆதலின், எழுத்து என்று வந்தவுடனேயே ஒரு கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது: இந்தப் புத்தகத்தை யார் திறக்கலாம்? எதற்காகத் திறக்கலாம்? எதை எக்காலம்வரை மூடி வைத்தல் வேண்டும்? இக்கேள்வி அலுவலக ஒழுங்கைப் பற்றிய சிறு கேள்வி போலத் தோன்றலாம். குடாநாட்டின் நானூறு ஆண்டுச் சரித்திரத்தை எண்ணிப் பார்த்தால், மக்களின் உயிரும் மானமும் உரிமையும் இதிலே தங்கியிருந்தமை புலப்படும்.

இத்தகைய புத்தகங்கள் தோன்றிய காரணத்தை முதலில் நோக்குதல் நன்று. ஐரோப்பாவிலே முற்காலத்தில் களவு மணங்கள் மலிந்திருந்தன. ஒருவன் ஒருத்தியை மறைவாக மணந்து, பின்னர் அவளைக் கைவிட்டு, வேறொருத்தியை ஊரறிய மணப்பான். முதல் மனைவி முறையிட்டால், சாட்சி எங்கே என்று கேட்பான். இக்கொடுமையைத் தடுக்கும் பொருட்டே, 1563ஆம் ஆண்டு திரிதெந்தின் பொதுச்சங்கம், விவாகம் பங்குக்குருவானவர் முன்னிலையிலும் சாட்சிகள் முன்னிலையிலும் நடைபெறல் வேண்டும் என்றும், அதனை அவர் புத்தகத்தில் பதிந்து பேணுதல் வேண்டும் என்றும் விதித்தது. 1614ஆம் ஆண்டு வெளிவந்த உரோமைச் சடங்கு நூல், ஞானஸ்நானம், உறுதிபூசுதல், விவாகம், மரணம், ஆன்மாக்களின் நிலை என ஐந்து புத்தகங்களை வகுத்தது. ஆன்மாக்களின் நிலை என்னும் புத்தகம் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளவர்களைப் பற்றிக் குருவானவர் எழுதி வைக்கும் குறிப்பு. எனவே, கோவிற் புத்தகம் தோன்றியதன் நோக்கங்களுள் ஒன்று, ஏமாற்றப்பட்ட ஒருத்திக்குச் சான்று கொடுப்பது. சொல்லுக்கு எழுத்து அரணாயிற்று.

எனினும், எழுத்து அரணாவதைப் போலவே ஆயுதமும் ஆகும் என்பதைக் குடாநாடு கண்டது. 1619ஆம் ஆண்டு பிலிப்பே டி ஒலிவேரா யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினான். பறங்கியர் ஆட்சியிலே நல்லூர்க் கந்தசுவாமி கோவில் இடிக்கப்பட்டது. கீரிமலைச் சிவாலயமும் அக்காலத்திலேயே அழிந்தது. மூர்த்திகள் பகைவர் கையிற் படாதவாறு மறைத்து வைக்கப்பட்டன என அவ்வூர் மரபு கூறும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆறுமுக நாவலர் எடுத்த முயற்சியின் பின்னரே அவ்வாலயம் மீண்டும் எழுந்தது. கத்தோலிக்க மதம் குடாநாட்டில் வேரூன்றியதும், பழைய ஆலயங்கள் வீழ்ந்ததும் ஒரே காலத்து நிகழ்ச்சிகள். இதனை மறைப்பதற்கில்லை. அக்காலத்துக் குருமார் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் கோவை, லிஸ்பன், உரோமை ஆகிய நகரங்களின் சுவடிக்கூடங்களிற் சேர்ந்தன. அவற்றை வாசிக்கும் உரிமை கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதன்று; தன் ஊர்க் கோவில் வீழ்ந்த கதையை அறிய விழையும் கீரிமலைச் சைவருக்கும் அது உரியது.

1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்கள் பதிவேடுகளில் மிகுந்த கருத்துள்ளவர்கள். காணிகளுக்கும் குடிகளுக்கும் தோம்பு எழுதினார்கள். பாடசாலைகளிலே ஞானஸ்நானமும் விவாகமும் பதிவாகும் பாடசாலைத் தோம்புகளை வைத்தார்கள். முதுசம் பெறவும், விவாகம் செல்லுபடியாகவும் அத்தோம்பிலே பெயர் இருத்தல் வேண்டியதாயிற்று. ஆதலின், உள்ளத்திலே சைவராகவோ கத்தோலிக்கராகவோ இருந்த பலர் புத்தகத்திலே சீர்திருத்தச் சபையினராகக் காட்சியளித்தனர். பெயர் உண்மை, பதிவு உண்மை, ஆயின், அது காட்டும் சமயம் உண்மையன்று. புத்தகத்தை வாசிக்கும் சரித்திர ஆசிரியன் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய பாடம் இது.

அந்த 1658ஆம் ஆண்டிலேயே, கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுப்போர்க்கு மரண தண்டனை எனக் கட்டளை பிறந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் குருவானவர் ஒருவரும் நிலையாக இல்லாதிருந்த நாட்டிற்கு, 1687ஆம் ஆண்டு கோவையைச் சேர்ந்த யோசேவ் வாஸ் முனிவர் ஏழைக் கூலியாளின் கோலத்திலே வந்து சேர்ந்தார். கழுத்திலே செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களைக் கொண்டு கத்தோலிக்கரை அடையாளங் கண்டார் என அவர் வரலாறு கூறும். சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடம் ஆயிற்று. இரவிலே பூசை, பகலிலே மறைவு. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்த அதிகாரிகள் மறைவாகக் கூடியிருந்த கத்தோலிக்கர் பலரைச் சிறைப்பிடித்தனர். முனிவர் தப்பினார், பிடிபட்டோரிற் சிலர் கசையடியும் சிறையும் அனுபவித்தனர்.

அந்த இரவை எண்ணிப் பார்க்கும்போது சுவடிக்கூடத்தின் முதற் சட்டம் தானாகவே விளங்கும். குருவானவர் ஞானஸ்நானம் கொடுத்தோரின் பெயர்களைப் பட்டியலாக எழுதி ஒரு வீட்டில் வைத்திருந்து, அப்பட்டியல் தேடி வந்த சேவகர் கையிலே சிக்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? ஓர் ஊரே சிறைக்குச் சென்றிருக்கும். பெயர்ப் பட்டியல் நல்லவர் கையிலே நினைவு. பகைவர் கையிலே பிடியாணை.

இதில் மற்றொரு புதுமையும் உண்டு. அக்கால மறைவுத் திருச்சபையைப் பற்றி இன்று அறியப்படுவனவற்றிற் பெரும்பகுதி இரு வழிகளால் வந்தது. ஒன்று, முனிவரும் அவருடைய ஒரட்டோரியன் சபைத் தோழரும் கோவைக்கு எழுதிய கடிதங்கள். இவற்றைக் கொண்டே செபஸ்தியான் டோ ரேகோ அடிகள் எழுதிய முனிவரின் சரித்திரம் 1745ஆம் ஆண்டு லிஸ்பனில் அச்சாயிற்று. மற்றது, அவர்களைத் தேடிய ஒல்லாந்தக் கும்பினியாரின் சொந்த ஏடுகள். கும்பினியாரின் ஆவணங்களை ஐக்கிய நாடுகளின் கல்வி விஞ்ஞான கலாசார தாபனம் 2003ஆம் ஆண்டு உலக நினைவுப் பதிவேட்டிலே சேர்த்துக்கொண்டது. வேட்டையாடியவரின் குறிப்பேடே வேட்டையாடப்பட்டவரின் சாட்சியாக மாறியது. மூன்று நூற்றாண்டு கடந்தபின் அவ்வேட்டைத் திறப்பதனால் எவருக்கும் தீங்கில்லை, நன்மையே உண்டு. 2015ஆம் ஆண்டு தை மாதம் 14ஆம் நாள் காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் யோசேவ் வாஸ் முனிவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். அதற்கு முன்னர் நிகழ்ந்த நீண்ட விசாரணைக்குப் பழைய கடிதங்களே கருவியாயின. அன்று மறைக்கப்பட வேண்டியது, இன்று திறக்கப்பட வேண்டியதாயிற்று. ஆதலின், இரகசியம் என்பது ஏட்டின் நிலையான குணமன்று. அது காலத்தோடு தேயும் குணம்.

ஆங்கிலேயர் 1795ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். 1806ஆம் ஆண்டு தேசாதிபதி மெயிற்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். 1834ஆம் ஆண்டு இலங்கை தனி மறைப்பணி நிலமாகக் கொச்சியிலிருந்து பிரிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணம் தனியாயிற்று. பெத்தாக்கினி ஆண்டகை அதன் தலைவரானார். 1847ஆம் ஆண்டு இறுதியிலே செமேரியா அடிகளின் தலைமையில் அமலமரித் தியாகிகள் சபையினர் இலங்கைக் கரையில் இறங்கினர். செமேரியா ஆண்டகையும், அவருக்குப் பின் 1868 முதல் பொன்ஜீன் ஆண்டகையும் யாழ்ப்பாணத்தை ஆண்டனர். 1886ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் முறைப்படி மேற்றிராசனமாயிற்று. 1893இல் திருகோணமலையும், 1981இல் மன்னாரும் அதனின்று பிரிந்தன. ஆதலின், கிழக்குக் கரையினதும் மன்னாரினதும் பழைய நிருவாக வரலாற்றை நாடுவோரும் யாழ்ப்பாணத்தை நோக்க வேண்டியவராகின்றனர்.

இக்காலத்திலேதான் காகிதம் பெருகிற்று. அமலமரித் தியாகிகள் தம் சபை வழக்கப்படி ஒவ்வோர் இல்லத்திலும் நாட்குறிப்பேடு எழுதினர். பிரெஞ்சு மொழியிலே தம் தலைவர்களுக்கு நீண்ட கடிதங்கள் வரைந்தனர். 1862 முதல் பிரான்சிலே வெளிவந்த அவர்களுடைய சபை வெளியீட்டில் இவற்றுட் சில அச்சேறின. எல்லாம் அச்சேறவில்லை, அச்சேறத் தக்கனவும் அல்ல. போர்த்துக்கேய மன்னரின் ஞான அதிகாரத்தைச் சார்ந்த கோவைக் குருமாருக்கும், உரோமையால் நேரே அனுப்பப்பட்ட குருமாருக்கும் இடையே பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கடும் பிணக்கு நிலவியது. கோவில் யாருடையது, திறவுகோல் யாருடையது என்று ஊர்கள் இரண்டுபட்டன. அவ்வாறான காலத்துக் கடிதங்களிலே ஆத்திரமும், சந்தேகமும், மனிதரைப் பற்றிய கடுஞ்சொற்களும் இருத்தல் இயல்பு. எழுதியவர்களும் எழுதப்பட்டவர்களும் உயிரோடிருக்கையில் அவற்றை வெளியிடுவது நெருப்பிலே நெய் வார்ப்பதாகும். நூறு ஆண்டு சென்றபின் மறைத்து வைப்பதோ சரித்திரத்தைப் பட்டினி போடுவதாகும்.

இவ்விரு தீமைக்கும் இடையே வழி காண்பதற்கே திருச்சபைச் சட்டம் முயன்றது. 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும், அதற்குப் பதிலாக 1983ஆம் ஆண்டு வந்த தொகுப்பும் ஒவ்வொரு மேற்றிராசனத்திலும் சுவடிக்கூடம் இருத்தல் வேண்டும், ஏடுகளுக்கு அட்டவணை எழுதப்படல் வேண்டும் என விதிக்கின்றன. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி சுவடிக்கூடம் பூட்டியிருத்தல் வேண்டும். அதன் திறவுகோல் ஆயரிடமும், ஏடுகளுக்குப் பொறுப்பான சான்செலர் எனப்படும் அதிகாரியிடமுமே இருக்கும். ஆயரின் அனுமதியோடு, அல்லது மேற்றிராசனப் பணிமனைத் தலைவர், சான்செலர் ஆகிய இருவரின் அனுமதியோடு அன்றி எவரும் உட்புக இயலாது. ஏட்டை வெளியே கொண்டு செல்வதாயின் அனுமதி வேண்டும். அதுவும் குறுகிய காலத்திற்கே.

இவை பூட்டைப் பற்றிய விதிகள். அவற்றோடு சேர்த்தே திறத்தலைப் பற்றிய விதியும் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பலர் அறியார். இயல்பாகவே பொதுவான ஏடுகளிலே, தம் சொந்த நிலைமையைப் பற்றியவற்றின் அத்தாட்சிப் பிரதியைத் தாமாகவோ தம் பிரதிநிதி மூலமாகவோ பெறுவதற்குச் சம்பந்தப்பட்டவருக்கு உரிமை உண்டு. இஃது உரிமை, பொறுப்பாளரின் தயவன்று. கீரிமலையிலோ இளவாலையிலோ பிறந்து, இன்று கடல் கடந்து வாழும் ஒருவர் தம் ஞானஸ்நானப் பதிவைக் கேட்டு எழுதினால், அதனை அளிப்பது கடமை. ஆயின், அதே பக்கத்திலே அடுத்த வரியில் இருக்கும் அயலவரின் பதிவு அவருக்கு உரியதன்று. அதனாலேயே புத்தகத்தைக் கையிலே கொடாது, உரிய வரியை மட்டும் பிரதி செய்து கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது.

சட்டம் சில இடங்களிலே எழுதுவதையே கட்டுப்படுத்துகிறது. மணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது, தாய்மை ஊரறிந்ததாயின், அல்லது அவளே எழுத்திலோ இரு சாட்சிகள் முன்னிலையிலோ விரும்பிக் கேட்டாலன்றி, அவள் பெயரைப் பதியலாகாது. தந்தையின் பெயரைப் பதிவதற்கும் அரசாங்க ஆவணமோ, சாட்சிகள் முன்னிலையில் அவன் கொடுத்த வாக்குமூலமோ வேண்டும். ஊர்வாய்க் கதையைப் புத்தகம் ஏற்காது. பாவசங்கீர்த்தனத்திலே சொல்லப்பட்டது எந்த ஏட்டிலும் ஏறாது. அதற்குப் பூட்டும் இல்லை, திறவுகோலும் இல்லை. காரணத்தோடு இரகசியமாக நடத்தப்பட்ட விவாகமோ, பொதுப் புத்தகத்தில் அன்றி, இரகசியச் சுவடிப் பேழையிலுள்ள தனிப் புத்தகத்திலே பதியப்படும்.

இரகசியச் சுவடிப் பேழை என்பது சுவடிக்கூடத்தினுள்ளே தனியாக அமைந்த, எவ்வகையாலும் அகற்ற முடியாத இரும்புப் பெட்டி போன்றது. 1917ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இருவேறு திறவுகோல்களை விதித்தது: ஒன்று ஆயரிடம், மற்றது குருமுதல்வரிடம் அல்லது சான்செலரிடம். 1983ஆம் ஆண்டுச் சட்டமோ அத்திறவுகோலை ஆயர் ஒருவரிடமே ஒப்படைத்தது. ஒழுக்கத்தைப் பற்றிய குற்ற வழக்குகளின் ஏடுகளை, குற்றவாளி இறந்த பின்னரோ தீர்ப்பாகிப் பத்தாண்டு சென்ற பின்னரோ ஆண்டுதோறும் அழித்துவிடுதல் வேண்டும் என்றும், நிகழ்ச்சியின் சுருக்கத்தையும் தீர்ப்பையும் மட்டும் வைத்திருத்தல் வேண்டும் என்றும் சட்டம் கூறும். திருந்திய மனிதனின் பழிச்சொல் அவனைச் சாகுமட்டும் தொடரலாகாது என்னும் இரக்கம் இவ்விதிக்கு நியாயமாகக் காட்டப்படுகிறது.

ஆனால், இரக்கத்தின் பெயரால் வந்த பூட்டு, அநீதிக்கு அரணாக மாறிய கதையும் உலகம் அறிந்ததே. 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே, சிறுவர்களுக்குத் தீங்கிழைத்த குருமாரைப் பற்றிய மேற்றிராசன ஏடுகள் நீதிமன்றக் கட்டளையால் வெளிவந்தன. குற்றம் அறிந்தும் அக்குருமார் இடத்துக்கிடம் மாற்றப்பட்டமை அவ்வேடுகளாலேயே நிரூபணமாயிற்று. 2018ஆம் ஆண்டு ஜேர்மனியிலே ஆயர்கள் கேட்டு நடைபெற்ற ஆராய்ச்சி, சில மேற்றிராசனங்களில் இத்தகைய ஏடுகள் அழிக்கப்பட்டும் மாற்றப்பட்டும் இருந்ததை வெளியிட்டது. 2019ஆம் ஆண்டு மார்கழி மாதம் பாப்பரசர் பிரான்சிஸ், இவ்வகை வழக்குகளுக்குப் பாப்பரசரின் இரகசியம் என்னும் கடும் மறைப்பு இனிப் பொருந்தாது எனக் கட்டளையிட்டார்.

இங்கேதான் வேறுபாடு தெளிவாகிறது. சில்லாலையிலே பெயரை மறைத்தது, வலியவன் கையிலிருந்து எளியவனைக் காத்தது. பொஸ்ரனில் ஏட்டை மறைத்தது, எளியவன் குரலிலிருந்து வலியவனைக் காத்தது. இரண்டிற்கும் பெயர் இரகசியம். பூட்டும் ஒன்று போன்றதே. எனினும், ஒன்று அறம். மற்றது அறத்தின் மறுப்பு. ஆதலின், ஓர் ஏட்டை மூடுகின்றவர் தம்மையே கேட்க வேண்டிய முதற் கேள்வி, இப்பூட்டு யாரைக் காக்கிறது என்பதாகும். ஏட்டிலே பெயருள்ள மனிதரைக் காக்கின்றதாயின் பூட்டலாம். ஏட்டை வைத்திருக்கும் நிறுவனத்தை மட்டும் காக்கின்றதாயின் அப்பூட்டுக்கு நியாயம் இல்லை.

வடபுலத்திலே இக்கேள்விக்குத் தனிக் கூர்மை உண்டு. ஒல்லாந்தரின் குடித்தோம்புகளிலே சாதியும் ஊழிய முறையும் எழுதப்பட்டன. குடாநாட்டிலே அடிமை முறை நிலவியது. 1844ஆம் ஆண்டுதான் இலங்கையில் அது சட்டத்தால் ஒழிந்தது. இத்தகைய காலத்து ஏடுகளிலே ஒருவனின் பெயருக்கு அருகே எழுதப்பட்ட ஒரு சொல், இன்று வாழும் அவனது பேரப்பிள்ளையின் கலியாணப் பேச்சையே குலைக்கக் கூடும். ஆயினும், அச்சொல்லைச் சுரண்டி அழித்தால், அடிமைப்பட்டோரின் சரித்திரமும் அதனோடு அழிந்துபோம். இப்படி ஒரு கொடுமை நடக்கவேயில்லை என்று நாளை ஒருவன் கூற இடமாகும். செய்யத்தக்கது யாது? ஏட்டை முழுமையாகக் காத்தல்; சமூக சரித்திரத்தை ஆராய்வோர்க்கு எண்ணிக்கையும் முறையும் புலப்படத் திறத்தல்; குடும்பப் பெயரோடு பிணைத்து வெளியிடுவதைத் தடுத்தல். இது கடினமான வழி. ஆயினும், எரிப்பதற்கும் எறிவதற்கும் இடைப்பட்ட வழி இதுவே.

ஏடு திறந்திருப்பதால் வரும் கேடு ஒருபுறமிருக்க, ஏடே இல்லாது போவதால் வரும் கேட்டை யாழ்ப்பாணம் நன்கு அறியும். 1981ஆம் ஆண்டு வைகாசி மாத இறுதி இரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்நூலகத்தைக் கட்டியெழுப்ப முன்னின்றவர்களுள் புனித பத்திரிசியார் கல்லூரி அதிபர் லோங் அடிகளாரும் ஒருவர். அத்தீயைக் கண்ட தாவீது அடிகளார், நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரின் வழியிலே மொழியாராய்ச்சி செய்த பேரறிஞர், அதிர்ச்சியால் உயிர் நீத்தார் என்பர். 1990ஆம் ஆண்டு போரினாற் கீரிமலையும் அதனைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கும் வெறிச்சோடின. மக்கள் கையிலகப்பட்டதை எடுத்துக்கொண்டு புறப்பட்டனர். அப்பகுதி படையினரின் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2009ஆம் ஆண்டு போர் முடிந்த பின்னரே நிலம் படிப்படியாக விடுபடலாயிற்று. 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாத இறுதியிலே யாழ்ப்பாண நகரமே இடம்பெயர்ந்தது.

அவ்வாறு இடம்பெயர்ந்த குடும்பத்திற்கு ஞானஸ்நானப் பதிவு என்பது பழங்கதையன்று. பிறப்பத்தாட்சிப் பத்திரம் தொலைந்தவிடத்து வயதைக் காட்டவும், பெற்றோர் இன்னாரென நிறுவவும், கடல் கடந்த நாட்டிலே விவாகம் செய்யவும் அதுவே துணையாகும். இதற்கு முன்யோசனையாக 1917ஆம் ஆண்டுச் சட்டத்திலே அழகிய விதி ஒன்று இருந்தது. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் பங்குக்குருவானவர் தம் புத்தகங்களின் அத்தாட்சிப் பிரதியை ஆயர் இல்லத்துக்கு அனுப்புதல் வேண்டும். ஊரிலே ஒன்று அழிந்தாலும் நகரிலே மற்றொன்று இருக்கும். ஆன்மாக்களின் நிலை என்னும் வீட்டுக் குறிப்புப் புத்தகம் மட்டும் இவ்விதிக்கு விலக்கு. அது பங்கை விட்டு வெளியே செல்ல வேண்டியதில்லை. காப்பதற்காகப் பிரதி செய். ஆயின், வீட்டின் அந்தரங்கத்தைப் பிரதி செய்யாதே என்னும் நுண்ணிய வரம்பு அவ்விதியில் அடங்கியிருக்கிறது.

இன்று பிரதி செய்தல் எளிதாகிவிட்டது. ஒரு பக்கத்தைப் படம்பிடித்து நொடிப் பொழுதில் உலகின் மறுகோடிக்கு அனுப்பலாம். 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பல்லாயிரக் கணக்கில் யாவருக்கும் கிடைக்கச் செய்திருக்கிறது. அச்சான நூலுக்கு இது பெரும் பேறு. ஞானஸ்நானப் புத்தகத்திற்கோ அளவு வேண்டும். 2008ஆம் ஆண்டு உரோமைத் திருப்பீடம், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள வமிசாவளிச் சங்கத்தார் கோவிற் புத்தகங்களைப் படம்பிடிக்க ஆயர்கள் அனுமதித்தலாகாது என அறிவித்தது. இறந்தோரின் பெயர்களைக் கொண்டு வேறொரு சபையார் அவர்களுக்கு ஞானஸ்நானம் நடத்துவர் என்னும் அச்சமே காரணம். இறந்தோரின் பெயரைச் சொல்லும் உரிமை யாருக்கு என்னும் கேள்வி கீரிமலைக் கரையில் மட்டும் எழுவதன்று என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனிமனிதரைப் பற்றிய தகவல்களைக் காப்பதற்கென இயற்றப்பட்டது.

ஆயின், அச்சமே கொள்கையாகிவிடலாகாது. 1881ஆம் ஆண்டு பதின்மூன்றாம் சிங்கராயர் எனப்படும் லியோ பாப்பரசர் வத்திக்கான் சுவடிக்கூடத்தை ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிட்டார். 2020ஆம் ஆண்டு பங்குனி மாதம் பன்னிரண்டாம் பத்திநாதரின் காலத்து ஏடுகள் திறக்கப்பட்டன. அப்பாப்பரசர் இறந்து அப்பொழுது 61 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு பாப்பரசரின் காலம் முழுவதையும் ஒருங்கே திறப்பதே அங்கு வழக்கம். இன்னாருக்குக் காட்டுவது, இன்னாருக்கு மறுப்பது என்னும் பாகுபாட்டிற்கு அம்முறையில் இடம் குறைவு. இலங்கையிலே சுவாமி ஞானப்பிரகாசர் 1924ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் எழுதிய கத்தோலிக்க திருச்சபைச் சரித்திரமும், அமலமரித் தியாகியான பூடன்ஸ் அடிகள் ஒல்லாந்தர் காலத்தைப் பற்றி 1957ஆம் ஆண்டு வெளியிட்ட நூலும், யேசு சபையைச் சேர்ந்த பெர்னியோலா அடிகள் 1983 முதல் தொகுதி தொகுதியாக மொழிபெயர்த்து வெளியிட்ட பழைய ஆவணங்களும் சுவடிக்கூடங்கள் திறந்தமையின் பயன்களே. திறவாக் கதவின் முன் நின்று எவரும் சரித்திரம் எழுத இயலாது.

ஆகவே, ஒரு மேற்றிராசனச் சுவடிக்கூடத்திற்கு வேண்டுவது பெரிய பூட்டோ அகன்ற கதவோ அன்று, எழுதப்பட்ட ஒழுங்கு. எந்த ஏடு இத்தனை ஆண்டுக்குப் பின் யாவர்க்கும் திறக்கப்படும், எது சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் உரியது, எது ஆயரின் பேழையில் இருக்கும் என்பதை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். திருச்சபைச் சட்டம் பொதுவான ஆண்டுக்கணக்கு எதனையும் விதிக்கவில்லை. மேற்றிராசனமே அதனை வகுத்துக்கொள்ளல் வேண்டும். அட்டவணை தயாரித்தல் வேண்டும். தன் கையில் என்ன இருக்கிறது என்றறியாத காவலன் எதனையும் காத்தவனாகான். வாசிப்போரின் பெயரும் நோக்கமும் பதியப்படல் வேண்டும். மறுப்பதாயின் காரணத்தை எழுத்திலே கூறல் வேண்டும். பொறுப்பாளர் மாறும்போது ஒழுங்கும் மாறுமாயின் அஃது ஒழுங்காகாது. அவருடைய மனநிலை மட்டுமே ஆகும். கேட்பவர் ஆயரின் நண்பராயினும், அயலூர்ச் சைவராயினும், அகதியாய் வாழும் ஏழையாயினும் விடை ஒன்றாகவே இருத்தல் வேண்டும். இவற்றோடு, ஒரு பிரதி வேறிடத்திலும் இருத்தல் வேண்டும் என்பதை எரிந்த நூலகம் இருந்த ஊருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கீரிமலையிலே கேணியின் மதிலுக்கு அப்பால் கடல் அலை மோதுகிறது. இப்பால் நன்னீர் சுரந்தவண்ணம் இருக்கிறது. மதில் இல்லையாயின் கேணி உவராகும். நீர் வெளியே ஓட வழி இல்லையாயின் அது பாசி பிடித்துக் கெடும். கட்டியவர்கள் இரண்டையும் அறிந்தே கட்டினார்கள். ஆடி அமாவாசையன்று அங்கே நின்று பூட்டனின் பெயரைச் சொல்லும் சைவ மகனும், இளவாலைக் கோவில் அலுவலகத்திலே பூட்டனின் பெயரைத் தேடி நிற்கும் கத்தோலிக்க மகனும் நாடுவது ஒன்றே: தம்மவர் பெயர் அழியாதிருத்தல் வேண்டும், அது தக்கவர் நாவிலே தக்க மதிப்போடு ஒலித்தல் வேண்டும். அப்பெயரைக் காத்து, உரியவர் வந்து கேட்கும்போது எடுத்துக் கொடுப்பதே சுவடிக்கூடத்தின் திறவுகோலைக் கையில் வைத்திருப்போரின் கடமை.